வெங்காயப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "எனக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தது புத்தகம்தான், ஆனால் நான் முதலில் வாங்கிய புத்தகம் இல்லை." அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த முறை அவற்றில் ஆறு.

அக்கா, எனக்கு வயது 27. தனியாகக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. மூன்று சமையல் புத்தகங்கள் வாங்கினேன். ஒன்றில் 1001 குறிப்புகள். ஒரு வாரம் நன்றாக வருகிறது, அதே குறிப்பு அடுத்த வாரம் சொதப்புகிறது. ஏன் வந்தது, ஏன் வரவில்லை என்று புரியவே இல்லை. எனக்குப் புதிது புதிதாகக் குறிப்புகள் வேண்டாம், அடிப்படை தெரிந்தால் போதும். எந்தப் புத்தகம் வாங்கலாம்?
— தனியாகச் சமைக்கும் வாசகர்

தம்பி, அந்த 1001-ஐ இப்போதைக்கு அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். தூக்கிப் போட வேண்டாம், அதற்கும் ஒரு காலம் வரும்.

முதலில் என் கதை. நான் பத்தொன்பது வருடம் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்தவள். என் மேசைக்கு சமையல் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கும். அப்போது எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். ஒற்று விடுபட்டால் கண்ணில் குத்தும். உப்பு விடுபட்டால் கவனிக்கவே மாட்டேன். "வெங்காயத்தை ஆழ்ந்த பழுப்பு நிறம் வரும் வரை 5 நிமிடம் வதக்கவும்" என்ற வாக்கியத்தை எத்தனை புத்தகங்களில் பார்த்திருப்பேன்! இலக்கணப் பிழை ஏதும் இல்லை, அடுத்த பக்கம். முப்பத்தொரு வயதில் தனி வீடு எடுத்தபோது, நானே மெய்ப்புப் பார்த்த ஒரு புத்தகத்தை நம்பி அடுப்பின் முன் நின்றேன். 5 நிமிடம் ஆனது. வெங்காயம் வெள்ளை வெளேரென்று இருந்தது. என் அடுப்பில்தான் கோளாறு என்று நினைத்துத் தீயைக் கூட்டினேன். ஓரமெல்லாம் கரி, நடுவில் பச்சை. அன்று இரவு ரொட்டியும் ஜாமும்.

பிறகுதான் தெரிந்தது, பொய் சொன்னது அடுப்பு இல்லை என்று. வெங்காயத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் வற்றும் வரை, கீழே எவ்வளவு தீ எரிந்தாலும் வெங்காயத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருகிற மாற்றம் வேகம் பிடிக்க 140 டிகிரி போல வேண்டும். (அந்த மாற்றத்துக்கு மெயார் வினை என்று பெயர், பிரெஞ்சுக்காரரான லூயி கமீய் மெயார் 1912-இல் விவரித்தது.) ஆக, கண்ணாடி போலாக ஐந்தாறு நிமிடம், பொன்னிறத்துக்குக் கால் மணி நேரமும் அதற்கு மேலும், ஆழ்ந்த பழுப்புக்கு மெல்லிய தீயில் 40 நிமிடம். இது தெரிந்த ஆள் ஒருபோதும் 5 நிமிடம் என்று எழுத மாட்டார். எழுதினால், அவர் அந்தக் குறிப்பைக் கடிகாரம் பார்த்துச் செய்யவில்லை என்று அர்த்தம்.

அதனால் கடைக்குப் போனால் அட்டைப்படத்தைப் பார்க்காதீர்கள், வெங்காயம் வதக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையல் புத்தகத்துக்கும் பொருந்தும். அந்தப் பக்கத்தில் நீங்கள் தேட வேண்டியதும் அதே சொல்தான், பதம். "நன்றாக வதங்கியதும்" என்று எழுதியிருந்தால் அது ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவருக்கு எழுதியது. நன்றாக என்றால் எப்படி? "சலசலப்பு அடங்கி, ஓரம் நிறம் மாறத் தொடங்கும்போது தீயைக் குறைக்கவும்; அடி பிடித்தால் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுச் சுரண்டிவிடவும்" என்று எழுதியிருந்தால் அந்த ஆசிரியர் உங்கள் பக்கத்தில் நிற்கிறார். கண்ணுக்கு என்ன தெரியும், காதுக்கு என்ன கேட்கும், மூக்குக்கு எப்போது பச்சை வாசனை போகும், தவறினால் என்ன செய்வது என்ற நான்கையும் சொல்கிற புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். நிமிடக் கணக்கும் வேண்டும்தான். ஆனால் உங்கள் வாணலி வேறு, என் வாணலி வேறு. நிமிடம் தோராயம், பதம்தான் கணக்கு.

ஒரு வாரம் வந்து ஒரு வாரம் சொதப்புவதாகச் சொன்னீர்களே, எனக்கு ஒரு சந்தேகம். சொதப்பிய வாரம் விருந்தாளி வந்திருந்தாரா? அதே வாணலியில் இரண்டு மடங்கு போட்டீர்களா? பாத்திரம் நிறையக் காயை நெருக்கிப் போட்டால் காயிலிருந்து வரும் நீராவி வெளியேற வழியில்லாமல் காய் வதங்குவதற்குப் பதில் வெந்துவிடும். 1001 குறிப்பு போடுகிற புத்தகத்தில் இதைச் சொல்ல இடம் இருக்காது. ஒரு குறிப்புக்கு ஏழு வரிதானே ஒதுக்க முடியும்!

பொருளடக்கத்தையும் பாருங்கள். வேகவைத்தல், ஆவியில் அவித்தல், வதக்கல், வறுத்தல், பொரித்தல், சுடுதல் என்று முறைவாரியாகப் பிரித்திருந்தால் நல்லது. ஒரே முறை நான்கைந்து குறிப்புகளில் திரும்பத் திரும்ப வர வேண்டும். அப்போதுதான் கைக்கு வரும். மொத்தம் 60 குறிப்பு இருந்தால்கூடத் தாராளம். பளபளப்பான முழுப்பக்கப் படம் எனக்குப் பெரிதில்லை. கடைசியில் தட்டு எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நடுவில், பாதி வெந்தபோது எப்படி இருக்கும் என்று காட்டுகிற சின்னச் சின்னப் படங்கள்தான் வேண்டும். கத்தி பிடிப்பதற்குப் படம் இருக்கிறதா என்றும் பாருங்கள்: விரல் நுனிகளை உள்ளே மடக்கி, கணுவை ஒட்டிக் கத்தி இறங்குவதுபோல.

அப்புறம், மெய்ப்புப் பார்த்தவளாக ஒன்று. "தே.க.", "மே.க." என்று சுருக்கி எழுதும் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுங்கள். தேக்கரண்டிக்கும் மேசைக்கரண்டிக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வித்தியாசம், உப்பில் அது மூன்று மடங்கு. இப்படி ஓர் எழுத்தை நான் ஒரு புத்தகத்தில் கோட்டைவிட்டேன். அச்சாகி வெளியேயும் போய்விட்டது. இன்னும் உறுத்துகிறது.

சொல் வரிசையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "நறுக்கிய கொட்டைப் பருப்பு ஒரு கப்" என்றால் நறுக்கிவிட்டு அளக்க வேண்டும். "கொட்டைப் பருப்பு ஒரு கப், நறுக்கியது" என்றால் அளந்துவிட்டு நறுக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு வராது. இதைப் புத்தகம் முழுக்க ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால், மற்ற விஷயங்களிலும் ஒழுங்கு இருக்கும் என்று நம்பலாம்.

ஆங்கிலம் படிப்பீர்கள் என்றால் இரண்டு பெயர் சொல்கிறேன். ஜாக் பெப்பான் 1976-இல் கொண்டுவந்த 'லா டெக்னீக்', கை வேலையைப் படிப்படியாகப் புகைப்படத்தில் காட்டுவது. பிரெஞ்சு சமையலைப் பற்றியது, பாதி உங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் கத்தி பிடித்த கையைப் பார்ப்பதற்காகவே புரட்டலாம். இன்னொன்று சமீன் நொஸ்ராத்தின் 'சால்ட், ஃபேட், ஆசிட், ஹீட்', 2017. உப்பு, கொழுப்பு, புளிப்பு, சூடு என்ற நான்கையும் விளக்கவே பாதிப் புத்தகம். குறிப்புகள் அதற்குப் பிறகுதான். புகைப்படமே கிடையாது, எல்லாம் ஓவியம். எந்த ஊர்ச் சமையலுக்கும் அந்த முதல் பாதி உதவும். ஹெரால்டு மெக்கீயின் 'ஆன் ஃபுட் அண்ட் குக்கிங்'கை யாராவது பரிந்துரைத்தால், அருமையான புத்தகம், ஆனால் ஆரம்பத்தில் வேண்டாம். அது சமையலின் அறிவியல். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே ஓர் அத்தியாயம் படித்து அசந்துவிடுவீர்கள்.

எந்தப் புத்தகம் வாங்கினாலும், ஆறு குறிப்பைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்யுங்கள். முதல் முறை எழுதியபடி, ஒன்றையும் மாற்றாமல். பென்சில் பக்கத்தில் இருக்கட்டும்.

எனக்குச் சமையல் புத்தகம் வாங்கித் தரும்படி வீட்டில் கேட்டேன். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று என் மாமா ஒரே வரியில் முடித்துவிட்டார். அவருக்கு என்ன பதில் சொல்ல?
— கல்லூரி மாணவி

மகளே, மாமாவோடு சண்டை வேண்டாம். அவர் சொல்வதில் பாதி நிஜம். படித்தால் மட்டும் கை வராது. ஆனால் கைப்பழக்கமாக வந்தது எல்லாமே சரி என்றும் இல்லை. "இறைச்சியின் மேற்புறத்தை முதலில் நல்ல தீயில் சுட்டுவிட்டால் சாறு உள்ளே அடைபடும்" என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். அடைபடாது. சுட்ட பிறகும் சட்டியில் சாறு இறங்கிச் சலசலப்பதை நாமே கேட்கலாம். சுடுவது நிறத்துக்கும் மணத்துக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த நம்பிக்கையைப் பரப்பியதே புத்தகம் எழுதிய ஒருவர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் வேதியியலாளர் லீபிக். ஆக ஒரு புள்ளி மாமாவுக்கே. புத்தகத்தை அவரையே வாங்கித் தரச் சொல்லி, முதல் தட்டையும் அவருக்கே வையுங்கள்.

வீடியோ இத்தனை இருக்கும்போது புத்தகம் எதற்கு?
— ஒற்றை வரிக் கடிதம்

கை அசைவுக்கு வீடியோதான். மாவு பிசைவதை எழுத்தில் படித்துப் புரிந்துகொள்வது நீச்சலைத் தபாலில் கற்பது மாதிரி. ஆனால் வீடியோவில் 40 நிமிட வெங்காயம் நான்கு நொடியில் முடிந்துவிடும். வெட்டி ஒட்டிய இடம் உங்களுக்குத் தெரியாது. எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது ஈரக் கையால் திரையைப் பின்னால் தள்ளித் தேடுவதும் எனக்கு ஒத்துவரவில்லை.

இன்னொன்றும் உண்டு. ராஜ்மாவை ஊறவைத்து அப்படியே மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் போட்டுவிடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். பச்சை ராஜ்மாவில் வயிற்றைக் கலக்கிவிடும் நச்சு ஒன்று இருக்கிறது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவைக்க வேண்டும்; குறைந்தது 10 நிமிடம், 30 நிமிடம் என்றால் நிம்மதி. அந்த மின்பாத்திரத்தின் இளஞ்சூடு போதாது. நல்ல தொடக்கநிலைப் புத்தகம் இதை ஒரு பெட்டி கட்டிப் போட்டிருக்கும். கடையில் புரட்டும்போது வெங்காயத்துக்கு அடுத்து நான் தேடுகிற பக்கம் இதுதான்.

வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று பரிசாக வந்தது. ஒரே கப், அவுன்ஸ், பாரன்ஹீட். கேக் கல்லாகிவிட்டது. புத்தகமா, நானா?
— கேக் ஆசையில் இருப்பவர்

இரண்டு பேருமே இல்லை, கப். அமெரிக்கப் புத்தகத்தில் ஒரு கப் என்றால் ஏறக்குறைய 240 மில்லி. மெட்ரிக் கப் என்று விற்பது 250. மேசைக்கரண்டி பெரும்பாலான இடங்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியப் புத்தகத்தில் மட்டும் 20. தேக்கரண்டி 5 மில்லி, அதில் குழப்பம் இல்லை. கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும் என்ற ஒழுங்கை வீட்டுச் சமையலுக்குள் ஊன்றியவர் ஃபேனி ஃபார்மர் என்ற அமெரிக்க ஆசிரியை, 1896-இல் வந்த தன் புத்தகத்தில். அதற்கு முன்பு பலரும் "முட்டை அளவு வெண்ணெய்" என்றெல்லாம் எழுதுவார்கள். எந்த முட்டை?

ஆனாலும் மாவுக்குக் கப்பை நம்பாதீர்கள். தளர்த்தி மெதுவாக நிரப்பினால் ஒரு கப் மாவு 120 கிராம். பைக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் 150-ஐத் தொடும். உங்கள் கேக் கல்லானதற்கு என் சந்தேகம் அங்கேதான். ஒரு சமையல் தராசு வாங்கிவிடுங்கள். கிராமில் அளவு தரும் புத்தகமாக அடுத்து வாங்குங்கள். உப்பிலும் இதே கதை: கல்லுப்பு ஒரு கரண்டியும் தூளுப்பு ஒரு கரண்டியும் ஒரே எடை இல்லை; எந்த உப்பு என்று சொல்லாத புத்தகம் பாதிதான் சொல்கிறது.

350 பாரன்ஹீட் என்பது 177 செல்சியஸ், 175 என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் அவனில் மின்விசிறி சுழன்றால் செல்சியஸில் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

சகோதரி, எனக்கு 66 வயது. நாற்பது வருடமாக சமைத்துப் போட்ட மனைவிக்கு முதுகில் அறுவை சிகிச்சை. மூன்று மாதம் நிற்கக் கூடாது. அவர் கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல நான் செய்கிறேன். "கொஞ்சம் போடுங்க", "பதமா இறக்குங்க" என்கிறார். எனக்குப் புரியவில்லை, அவருக்குக் கோபம் வருகிறது. புத்தகம் வாங்கலாமா, அவர் மனம் நோகுமா?
— பெயர் வேண்டாம் என்றவர்

ஐயா, வாங்குங்கள், ஆனால் ஒளித்துவைக்காமல் அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு குறிப்பிலும் அவர் தவறு கண்டுபிடிப்பார். அதுதான் உங்களுக்கு வேண்டிய பாடம். "கொஞ்சம்" என்பதற்கு அளவு சொல்லத் தெரியாதவர்கள், புத்தகத்தில் ஒரு தேக்கரண்டி என்று பார்த்ததும் "அவ்வளவா? பாதி போதும்" என்று தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். என் அம்மாவிடம் நான் கறந்ததெல்லாம் இந்த வழியில்தான்.

உங்கள் வயதுக்கு மூன்று விஷயம் பாருங்கள். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். கண்ணாடி ஆவியில் மங்கிவிடும். புத்தகம் மேடையில் விரித்தால் விரித்தபடி கிடக்க வேண்டும். கை வைத்து அழுத்திக்கொண்டு சமைக்க முடியாது. ஒரு குறிப்பு, விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கத்துக்குள் முடிய வேண்டும். மாவுக் கையோடு பக்கம் திருப்புவது பெரும்பாடு.

புத்தகம் வரும் வரை முட்டையில் தொடங்குங்கள். கொதிக்கும் தண்ணீரில் முட்டையை மெதுவாக இறக்கி, 6 நிமிடத்தில் ஒன்று, 8 நிமிடத்தில் ஒன்று, 11 நிமிடத்தில் ஒன்று எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். மூன்றையும் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒழுகும் கரு, பாகு போன்ற கரு, கெட்டிக் கரு. பதம் என்று அவர் சொல்வது என்ன என்று அந்தத் தட்டில் தெரிந்துவிடும். அவருக்கு எது பிடிக்கும் என்று கேட்டு அதைக் கொடுங்கள். இத்தனை வருடத்தில் அவரை யாராவது கேட்டிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அரிசியோ உருளைக்கிழங்கோ வேகும்போது நேரத்தை ஒரு தாளில் குறியுங்கள். உங்கள் அடுப்பு, உங்கள் பாத்திரம், உங்கள் தண்ணீர். ஒரு வாரத்தில் கைவசம் ஒரு சின்ன அட்டவணை சேர்ந்துவிடும், அதை எந்தப் புத்தகமும் தர முடியாது. மீந்த சோற்றை மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாமல் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

சமையல் புத்தகத்தில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. எப்படிப் போக்குவது?
— சுத்தக்காரி

கறை புதிது என்றால் சோளமாவைத் தூவி, மேலே வெள்ளைத்தாள் வைத்து, கனமாக எதையாவது ஏற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் தட்டிவிட்டால் ஓரளவு போகும்.

நானாக இருந்தால் விட்டுவிடுவேன். பழைய புத்தகக் கடையில் சமையல் புத்தகம் எடுத்தால் நான் கறையைத்தான் தேடுவேன். பளிச்சென்று இருந்தால் வாங்கியவர் சமைக்கவில்லை. ஒரே பக்கத்தில் கறை மேல் கறை என்றால் அந்தக் குறிப்பு வேலை செய்கிறது. போன வருடம் ஒரு கடையில் அப்படி ஒன்றைப் புரட்டினேன். அட்டை கிழிந்திருந்ததால் என்ன புத்தகம் என்று முதலில் தெரியவில்லை. 73-ஆம் பக்கம் மட்டும் எண்ணெயில் ஊறிக் கண்ணாடித்தாள் போலாகியிருந்தது. உப்பு என்ற வரியில் "மே.க."வில் இருந்த "மே"யை யாரோ பென்சிலால் அடித்து, மேலே "தே" என்று எழுதியிருந்தார்கள். அது நான் மெய்ப்புப் பார்த்த புத்தகம். பேரம் பேசாமல் வாங்கி வந்துவிட்டேன்.